மூச்சு விடுவதைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சுவாச மண்டலம் எப்படி வேலை செய்கிறது என்று உங்கள் உடல்நலப் பக்கத்தில் படத்தோடு வந்த கட்டுரையைப் படித்தேன். மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய், நுரையீரல், காற்று நுண்ணறை என்று வரிசையாகப் போய், ஆக்சிஜன் ரத்தத்தில் கலப்பது வரைக்கும் நிதானமாகச் சொல்லிவிட்டு, கடைசியில் 'கரியமில வாயு வெளியேறுகிறது' என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். எழுதியதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒரு வரிக்குள் அடங்கிப்போன விஷயத்தால்தான் என் அப்பா கடைசி ஆறு வருடம் அவதிப்பட்டார், அது புரியாமல் நாங்களும் அவரை இன்னும் அவதிப்படுத்தினோம், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அப்பாவுக்கு எம்பஸீமா, அதாவது நுரையீரலுக்குள் குட்டிக் காற்றுப் பைகளாக இருக்கிற நுண்ணறைகள் சிதைந்துபோகிற நோய். பல வருடம் புகைபிடித்தவர். மூச்சுத்திணறல் வந்தால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, முன்னால் குனிந்து, தோள் இரண்டும் காதைத் தொடுகிற அளவுக்கு ஏறியிருக்க, கழுத்து நரம்பெல்லாம் புடைத்து நிற்க மூச்சு வாங்குவார். நாங்கள் சுற்றி நின்றுகொண்டு ஆளாளுக்கு "நல்லா இழுங்கப்பா, ஆழமா இழுங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்போம். அவர் கையை மட்டும் அசைத்து வேண்டாம் வேண்டாம் என்பார். பயத்தில் அப்படிச் செய்கிறார் என்று நினைத்து நாங்கள் இன்னும் சத்தமாகச் சொல்வோம். ஒருநாள் கொஞ்சம் தணிந்த பிறகு அவரே சொன்னார்: "இழுக்கிறதுக்கு என்னம்மா, உள்ள இருக்கிறது வெளிய போனாத்தானே இழுக்கலாம்."

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. பிறகு மருத்துவர்களிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டு, நானும் தேடிப் படித்துத்தான் புரிந்துகொண்டேன்.

முதலில் காற்று உள்ளே வருவதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதையே நம்மில் பலர் தலைகீழாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். காற்று உள்ளே போவதால் மார்பு விரிகிறது என்று நினைக்கிறோம். மார்பு விரிவதால்தான் காற்றே உள்ளே வருகிறது. நுரையீரலுக்குத் தன்னை விரித்துக்கொள்ளும் தசை கிடையாது, அது பாட்டுக்குக் கூட்டுக்குள் தொங்கிக்கொண்டிருக்கிற ஒரு பஞ்சு. அதைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள் இருக்கின்றன, ஒன்று நுரையீரலோடு ஒட்டியது, இன்னொன்று விலாக்கூட்டோடு ஒட்டியது, இரண்டுக்கும் நடுவில் சில மில்லிலிட்டர் திரவம். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒட்டிப் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும், ஆனால் நேராக இழுத்துப் பிரிக்க வராது. அப்படித்தான் நுரையீரல் மார்புக்கூட்டோடு ஒட்டிக்கொண்டு அது போகிற பக்கமெல்லாம் போகிறது. நுரையீரலுக்குக் கீழே குடையை விரித்தது போல மேல்நோக்கி வளைந்து நிற்கிற உதரவிதானம் என்ற தசை சுருங்கித் தட்டையாகிக் கீழே இறங்கும், விலா எலும்புகள் மேலேயும் வெளியேயும் தூக்கப்படும், உள்ளே இடம் பெருகும், அழுத்தம் ஒரு துளி குறையும், வெளிக்காற்று தானாக உள்ளே வரும். குறைகிற அழுத்தம் எவ்வளவு தெரியுமா? சாதாரண மூச்சுக்கு ஒரு சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் போதும். அவ்வளவு லேசான வேலை, அதனால்தான் தூங்கும்போதுகூட நடக்கிறது.

சரி, உள்ளே வந்த காற்று எப்படி வெளியே போகிறது? இங்கேதான் உங்கள் கட்டுரை நின்றுவிட்டது.

ஓய்வாக இருக்கும்போது மூச்சை விடுவதற்கு எந்தத் தசையும் உழைப்பதில்லை. நுரையீரல் இழுத்த ரப்பர் மாதிரி, விட்டால் சுருங்கும். அதன் சுவர்களில் பின்னியிருக்கிற எலாஸ்டின் இழைகள் ஒரு காரணம். இன்னொரு காரணம் காற்று நுண்ணறைகளின் உள்பக்கத்தை நனைத்திருக்கிற மெல்லிய நீர்ப்படலம், தண்ணீருக்கு எப்போதுமே சுருங்கிக் குட்டியாகப் பார்க்கிற குணம் உண்டு. இரண்டும் சேர்ந்துதான் ஒவ்வொரு மூச்சையும் வெளியே தள்ளுகின்றன. இழுக்கிற ஒவ்வொரு முறையும் நாம் அடுத்து விடுவதற்கான விசையையும் சேர்த்துத்தான் நுரையீரலில் ஏற்றி வைக்கிறோம் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னது எனக்கு அப்படியே மனதில் நிற்கிறது.

எம்பஸீமாவில் போவது இந்த விசைதான். புகை வருடக்கணக்காக அரித்து அந்த இழைகளை அறுத்துவிடுகிறது, நுண்ணறைகளின் நடுச்சுவர்கள் உடைந்து பல சின்ன அறைகள் ஒரே பெரிய தொளதொளத்த அறையாகிவிடுகின்றன. நல்ல நுரையீரலில் முப்பது கோடிக்கும் மேல் நுண்ணறைகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் சுமார் 70 சதுர மீட்டர் வரும் என்பார்கள். சுவர்கள் உடைய உடைய அந்தப் பரப்பும் போகிறது. போதாததற்கு, மூச்சுக்குழாயிலிருந்து கிளை கிளையாக இருபது தடவைக்கு மேல் பிரிந்து போகிற குழாய்களில் கடைசிக் குழாய்களுக்குக் குருத்தெலும்பு கிடையாது. கூடாரத்தை நாலு பக்கமும் கயிறு கட்டி நிறுத்துகிற மாதிரி, சுற்றியுள்ள நுண்ணறைச் சுவர்கள்தான் அவற்றை இழுத்துத் திறந்து வைத்திருக்கின்றன. கயிறு அறுந்தால் கூடாரம் படுத்துவிடும். அப்பா முக்கி முக்கி ஊதினார் என்றால், அந்த அழுத்தத்திலேயே குழாய்கள் நசுங்கி மூடிக்கொள்ளும், காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும். எவ்வளவு வேகமாக விடப் பார்க்கிறாரோ அவ்வளவுக்கு அடைக்கும்.

மாட்டிக்கொண்ட காற்றின் மேல் அடுத்த மூச்சு, அதன் மேல் அடுத்தது. நல்ல உடம்பிலேயே எவ்வளவு முயன்று ஊதினாலும் ஒரு லிட்டருக்கு மேல் காற்று உள்ளே தங்கத்தான் செய்யும். அப்பாவுக்கு அதைவிட மிக அதிகம். நெஞ்சு பீப்பாய் மாதிரி உப்பிப்போய், உதரவிதானம் ஏற்கெனவே தட்டையாகிக் கிடந்தது. தட்டையாகிவிட்ட குடை இனி எங்கே இறங்கும்? அதனால்தான் கழுத்துத் தசையும் தோள் தசையும் அந்த வேலைக்கு வந்தன. இது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால், இதய நோயோ நுரையீரல் நோயோ இல்லாதவர்கள் மட்டும், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, அதை விடாமல், அதற்கு மேலேயே சின்னச் சின்னதாக மூச்சு வாங்கி விட்டுப் பாருங்கள். அரை நிமிடம் போதும். நான் செய்து பார்த்தேன், அன்றைக்கு அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்து அழுதேன். இப்படி இருக்கிற மனிதரிடம்தான் வருடக்கணக்காக "இன்னும் இழுங்க" என்று சொல்லியிருக்கிறோம்.

தமிழில் நாம் இந்த முழு வேலைக்குமே மூச்சு விடுதல் என்றுதானே பேர் வைத்திருக்கிறோம். மூச்சு விடக்கூட நேரமில்லை என்கிறோம், யாரிடமும் மூச்சு விடாதே என்கிறோம், அவருக்கு மூச்சு விட முடியவில்லை, உடனே வாருங்கள் என்று போனில் கத்துகிறோம். வாயால் சரியாகத்தான் சொல்கிறோம், பக்கத்தில் போய் நின்றதும் இழு இழு என்கிறோம்.

நுரையீரலை அளப்பதும்கூட விடுகிற மூச்சை வைத்துத்தான். ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர் 1846-ல் ஆட்களை ஒரு கருவிக்குள் ஊதச் சொல்லி, வெளியே வந்த காற்றை அளந்து வெளியிட்டார், இன்றைய ஸ்பைரோமெட்ரி அதன் வாரிசு. முழுசாக இழுத்து, முடிந்த வேகத்தில் ஊத வேண்டும். ஆரோக்கியமான ஆளுக்கு மொத்தக் காற்றில் முக்கால் பங்காவது முதல் ஒரு விநாடியிலேயே வந்துவிடும். மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்து கொடுத்துப் பார்த்த பிறகும் அந்தப் பங்கு 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குழாயில் அடைப்பு இருக்கிறது என்று கணக்கு. அப்பா ஊதியபோது காற்று நின்றபாடில்லை, ஒழுகுகிற குழாய் மாதிரி மெலிசாக வந்துகொண்டே இருந்தது, திரையில் அந்தக் கோடு நடுவில் தொய்ந்த கயிறு போலத் தெரிந்தது.

அந்தப் பரிசோதனைக்குப் பிறகு வந்த பிசியோதெரபிஸ்ட்தான் அப்பாவிடம் முதன்முதலாக "இழுக்கிறதை மறந்துடுங்க ஐயா, விடுறதை மட்டும் பாருங்க" என்று சொன்னார். மூக்கால் மெதுவாக இரண்டு எண்ணுகிற நேரம் இழுக்க வேண்டும், அப்புறம் உதட்டைக் குவித்து, எதிரே ஒரு விளக்கு எரிவதாக நினைத்துக்கொண்டு, சுடர் சாய வேண்டும் ஆனால் அணையக் கூடாது என்கிற அளவில், நான்கு எண்ணுகிற நேரம் விட வேண்டும். அவ்வளவுதான். உதடு குவிந்திருப்பதால் காற்று வெளியேறும் வாசல் குறுகுகிறது, அதனால் உள்ளே குழாய்களில் கொஞ்சம் அழுத்தம் நிற்கிறது, அந்த அழுத்தம் அவை நசுங்காமல் தாங்கிப் பிடிக்கிறது. மெதுவாக விட்டால்தான் நிறைய வெளியே போகும். அப்பா முதல் நாள் நம்பவில்லை. இரண்டு வாரத்தில், நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போதும், சட்டைக்குள் கையை நுழைக்கும்போதும், படி ஏறும்போதும் தானாகவே உதட்டைக் குவிக்க ஆரம்பித்துவிட்டார். நோய் குணமாகவில்லை, உடைந்த சுவர் திரும்ப முளைப்பதில்லை. ஆனால் குளியலறைக்குப் போய்விட்டு வந்து கால் மணி நேரம் பேச முடியாமல் உட்கார்ந்திருந்தவர், ஐந்து நிமிடத்தில் பேசினார்.

வேகமாக மூச்சு வாங்குவது ஏன் உதவாது என்பதற்கு பிசியோதெரபிஸ்ட் ஒரு கணக்கும் போட்டுக் காட்டினார். ஒரு மூச்சில் நாம் சுமார் 500 மில்லிலிட்டர் இழுக்கிறோம், அதில் 150 மில்லிலிட்டர் குழாய்களிலேயே நின்றுவிட்டுத் திரும்பிவிடும், நுண்ணறை வரைக்கும் போகாது. நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் 6 லிட்டர் உள்ளே போகிறது, உருப்படியாகச் சேர்வது 4 லிட்டருக்கு மேல். இதுவே 200 மில்லிலிட்டராக 40 தடவை இழுத்தால் 8 லிட்டர் போகும், ஆனால் சேர்வது 2 லிட்டர்தான். உழைப்பு கூடும், பலன் பாதியாகும். எனக்குக் கணக்கு அவ்வளவாக வராது, ஆனால் இதை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தேன்.

இன்னொரு விஷயம், இதுதான் எங்களுக்கு ரொம்பப் பெரிய பாடம். வீட்டில் ஆக்சிஜன் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள், எந்த அளவில் வைக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். ஒருநாள் இரவு அப்பா மிகவும் திணறினார், விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கிற ஆக்சிமீட்டர் 87 காட்டியது, நாங்கள் பயந்துபோய் ஆக்சிஜனை நன்றாகக் கூட்டி வைத்துவிட்டோம். எண் ஏறிக்கொண்டே போய் 98-ல் நின்றது. எங்களுக்கு நிம்மதி. அப்பா தூங்கினார். காலையில் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை, கண்ணைத் திறந்து ஏதோ உளறிவிட்டுத் திரும்பவும் தூங்கினார், உள்ளங்கை இரண்டும் கதகதவென்று சிவந்திருந்தது. ஆக்சிமீட்டர் அப்போதும் 98 என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. மருத்துவமனையில் மணிக்கட்டில் தமனியிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்தபோது கரியமில வாயு மிக அதிகமாகச் சேர்ந்திருந்தது. அந்த மயக்கத்துக்கு அதுதான் காரணம்.

ஆக்சிமீட்டருக்குக் கரியமில வாயுவைப் பார்க்கத் தெரியாது. வெளியே போக வேண்டியது போகிறதா என்று அது சொல்லவே சொல்லாது. அதுவும் அப்பா மாதிரி நோயாளிகளுக்கு ஆக்சிஜனை அளவுக்கு மேல் கொடுத்தால் கரியமில வாயு ஏறும்: நுரையீரலில் நன்றாகக் காற்று போய்வராத பகுதிகளுக்கும் ரத்தம் திரும்பிவிடுகிறது, ஆக்சிஜன் நிரம்பிய ஹீமோகுளோபின் கரியமில வாயுவைக் கைவிட்டுவிடுகிறது, மூச்சும் கொஞ்சம் மந்தமாகிறது. அதனால் இவர்களுக்கு 88-லிருந்து 92 வரை இருந்தால் போதும் என்றுதான் மருத்துவர்கள் இலக்கு வைக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் உள்ளவருக்கு ஆக்சிஜனை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. நிமோனியா வந்தவருக்குக் கணக்கு வேறு. மருத்துவர் சொன்ன அளவில் வையுங்கள், எங்களைப் போல பயத்தில் திருகாதீர்கள், வழக்கத்துக்கு மாறான தூக்கமும் உளறலும் இருந்தால் எண்ணைப் பார்த்துச் சமாதானம் ஆகாமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

நம் உடம்பே ஆக்சிஜனைவிடக் கரியமில வாயு மேல்தான் அதிகம் கண் வைத்திருக்கிறது. மூச்சை அடக்கிப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் தாங்க முடியாமல் போகும். அந்தத் தவிப்பு பெரும்பாலும் ஆக்சிஜன் தீர்ந்துபோனதால் வருவது கிடையாது, கரியமில வாயு சேர்ந்து மூளையைச் சுற்றியுள்ள திரவத்தின் அமிலத்தன்மை கூடுவதை மூளையின் அடியில் முகுளத்தில் இருக்கிற உணரிகள் பார்த்துவிட்டுக் கொடுக்கிற சத்தம் அது. மூச்சை முடுக்குவது கரியமில வாயுதான் என்று ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1905-லேயே காட்டிவிட்டார்கள். தண்ணீருக்குள் நெடுநேரம் இருப்பதற்காக, முங்குவதற்கு முன்னால் வேகவேகமாக மூச்சு வாங்கி விடுகிற பையன்கள் செத்துப்போவதும் இதனால்தான். அப்படிச் செய்தால் ஆக்சிஜன் ஒன்றும் பெரிதாகக் கூடாது, கரியமில வாயுதான் குறையும், மணி அடிக்க வேண்டியது அடிக்காது, மேலே வர வேண்டும் என்று தோன்றுவதற்கு முன்பே நினைவு போய்விடும். நீச்சல் பழகும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்காவது இதை உங்கள் பக்கத்தில் எழுத வேண்டாமா?

அப்பாவுக்கு நேர் எதிரான ஒரு கஷ்டமும் உண்டு, அதைப் படித்தபோதுதான் நுரையீரலின் இந்தச் சுருங்கும் விசை எவ்வளவு நுணுக்கமாக அளந்து வைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு விசை கூடிப்போகிறது. நுண்ணறைக்குள் இருக்கிற நீர்ப்படலம் அளவுக்கு மீறிச் சுருங்காமல் இருக்க, சோப்பு மாதிரி ஒரு வழவழப்பான பொருளை நுரையீரல் சுரக்கிறது, சர்ஃபாக்டன்ட் என்பார்கள். கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் அது போதுமான அளவுக்கு வரும். அதற்கு முன்னால் பிறந்துவிட்டால், குழந்தை மூச்சை விட்டதும் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொரு மூச்சையும் முதல் மூச்சு மாதிரி போராடித்தான் இழுக்க வேண்டும். இந்தப் பொருள் போதாததுதான் காரணம் என்று மேரி எலன் ஏவரி, ஜியர் மீட் இருவரும் 1959-ல் கண்டுபிடித்தார்கள். 1963-ல் அமெரிக்க அதிபர் கென்னடிக்குக் குறைமாதத்தில் பிறந்த ஆண்குழந்தை இந்த நோயால்தான் இரண்டே நாளில் இறந்தது, அன்றைக்கு யார் கையிலும் மருந்து இல்லை. 1980-ல் ஜப்பானில் ஃபுஜிவாரா குழுவினர் மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் விட்டுப் பிழைக்க வைத்தார்கள். விசை குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து.

கரியமில வாயு எங்கிருந்து வருகிறது என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். உடம்பு இளைத்தால் அந்தக் கொழுப்பு வியர்வையாகப் போனது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பத்து கிலோ கொழுப்பு எரிந்தால் அதில் சுமார் 8.4 கிலோ கரியமில வாயுவாக மாறி மூக்கு வழியாகத்தான் போகிறது, மிச்சம்தான் தண்ணீர்.

இப்போது நான் கேட்பது. 'ஆழ்ந்து மூச்சை இழுங்கள்' என்பதை எல்லோருக்கும் பொதுவான அறிவுரையாகப் போடாதீர்கள். ஆஸ்துமாவும் நுரையீரல் அடைப்பு நோயும் உள்ளவர்கள் ஏராளம், இளைப்பு வந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன சொல்ல வேண்டும் என்று தனியாக எழுதுங்கள்: மருத்துவர் கொடுத்த இன்ஹேலரைக் கொடுங்கள், முன்னால் சாய்ந்து உட்காரவிடுங்கள், படுக்கச் சொல்லாதீர்கள், சுற்றி நின்று கத்தாதீர்கள், "மெதுவா விடுங்க" என்று மட்டும் சொல்லுங்கள், பேச முடியாமல் திணறினாலோ உதடு நீலமானாலோ உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். உதட்டைக் குவித்து மூச்சு விடுவதற்கு ஒரு சின்னப் படம் போட்டால் இன்னும் நல்லது. கத்தரித்துக் கட்டில் பக்கத்தில் ஒட்டிக்கொள்வார்கள், நான் ஒட்டியிருப்பேன்.

அப்புறம், படம் வரைகிறவரிடம் ஒன்று சொல்லுங்கள். உங்கள் படத்தில் உள்ளே போகிற நீல அம்புக்குறி மூக்கிலிருந்து நுண்ணறை வரைக்கும் தடிமனாகப் போகிறது, வெளியே வருகிற சிவப்பு அம்புக்குறி மூச்சுக்குழாய்க்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாக இருக்கிறது. அடுத்த தடவை இரண்டையும் ஒரே தடிமனில் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி